மேபலின் காலை மாதிரி

ஜூலை 9

மேபல் 22 மில்லி. காலை 6.40. தெளிந்த மஞ்சள். அடைப்பு கழுவியது: ஆம்.

இதையெல்லாம் அலுவலகத் தாளில் எழுதியாயிற்று. கை பழகிப்போய் இங்கேயும் அதையே எழுதுகிறது. தாளில் "இன்று அலுப்பு" என்று எழுத இடமில்லை, அதனால்தான் இந்த நோட்டு.

எங்கள் பக்கம் ஜூலைதான் நடுக்குளிர். வேலிபோட்ட அடைப்புக்குள் புல்லெல்லாம் உறைபனி. ஐம்பத்தொன்பது வயதில், விடிந்தும் விடியாத குளிரில், நீளக் காம்பு வைத்த சூப் கரண்டியோடு வளை தோண்டி வாழும் ஒரு வாம்பட்டின் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேய்ந்துவிட்டு வளைக்குள் தூங்கப் போகும் முன் மேபல் என்னிடம் வந்து முதுகைக் காட்டி நிற்பாள். வாலடியில் விரலால் தடவினால் பெய்வாள். கீழே கரண்டி. இருபத்தாறு கிலோ, கழுத்தே கிடையாது, கோபம் வந்தால் காலை ஒடிக்கிற பல். ஆனால் என் விரல் பட்டதும் குழந்தையாக நிற்கிறாள்.

குழந்தையாக இருந்தபோது பழகியதுதான். தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரம் வரும். தாய் இல்லை. நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, எட்டு மாதம்.

ஜூலை 13

மழை இல்லை. கை வெடிப்பில், அடைப்பைக் கழுவுகிற குளோரின் பட்டு எரிகிறது. 18 மில்லி.

ஜூலை 20

அடைப்பை நடத்தும் அறக்கட்டளையிலிருந்து கடிதம். இந்தப் பருவத்தோடு மூன்று பருவம் ஆகிறது, மேபலும் பக்கத்து அடைப்பு ஆண் கிளாரியும் இணை சேரவில்லை. நவம்பர் முடிவதற்குள் சேராவிட்டால் ஆராய்ச்சி அடைப்பை மூடிவிடுவார்களாம். கிளாரி வடக்கே ஒரு விலங்குக் காட்சிச்சாலைக்கு. மேபல் கடலோரத்தில் ஒரு சுற்றுலாப் பண்ணைக்கு. "மனிதர்களுடன் நன்கு பழகியவள் என்பதால் பார்வையாளர்கள் தூக்கிப் படமெடுக்க ஏற்றவள்."

அந்தப் பண்ணையை நான் பார்த்திருக்கிறேன். சிமெண்ட் தரை, வளை கிடையாது, பகல் முழுக்கக் கைக்குக் கை. தோண்டப் பிறந்த பிராணிக்குத் தோண்ட ஒரு பிடி மண் இல்லை.

கடிதத்தோடு ஓர் அறிக்கையும் இணைத்திருந்தார்கள். அதில் ஒரு வரி: "கையால் வளர்க்கப்பட்டதால் பெண் விலங்கு தன் இனத்தோடு தொடர்புகொள்ளும் திறனை இழந்திருக்கலாம்."

கையால். யாருடைய கை? பெயர்கூடப் போடவில்லை.

என் கணவர் மெர்விடம் காட்டினேன். முப்பது வருஷம் ஆற்றில் வண்டிகளை அக்கரை சேர்க்கும் படகை ஓட்டிய மனுஷர், எதையும் அவசரமாகப் படிக்கமாட்டார். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, "திறனை இழந்ததுன்னா என் தங்கச்சியும்தான் இழந்துட்டா. மூணு பிள்ளை பெத்தாளே" என்றார்.

சிரிப்பு வரவில்லை.

ஜூலை 29

கெல்வின் லீபெல்ட் வேலியோரம் வண்டியை நிறுத்தினான். பள்ளிக்கூடத்தில் என் பின் பெஞ்சு. இப்போது அடைப்புக்கு அடுத்த கோதுமை நிலம் அவனுடையது.

"என்ன லோர்னா, இன்னிக்கு எத்தனை லிட்டர் கறந்தே?"

"உன் கோதுமையைவிட நல்ல மகசூல்தான்."

"அந்தக் குழிப்பன்னி ஜாதி எனக்குப் போன வாரம் ஒரு டிராக்டர் அச்சு செலவு வெச்சுது. உன்னுது இல்ல, அதோட சித்தப்பன் எவனோ."

மேபலின் தாயைச் சுட்டது இவன்தான். வயலில் வளை தோண்டி டிராக்டர் சக்கரம் உள்ளே இறங்கியது, அனுமதி வாங்கிச் சுட்டான். சுட்டவன் அதோடு போகவில்லை. செத்தவளின் வயிற்றுப் பையைத் தடவிப் பார்த்து, உள்ளே மயிரில்லாத ஒன்று அசைய, தன் கம்பளிக் குல்லாயில் சுற்றி என் வாசலுக்குக் கொண்டுவந்தான். "நீ பால் கம்பெனிக்காரிதானே, உனக்குத் தெரியும்" என்று கையில் திணித்துவிட்டுப் போனான். குல்லாயைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

பண்ணைக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "தூக்கிப் படம் எடுக்கறதா? கடிச்சுத் தொலைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஆகஸ்ட் 6

இமோஜென் நகரத்திலிருந்து வந்தாள். நான் பிடித்து, உறைய வைத்து அனுப்புகிற மூத்திரம் முழுக்க அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகிறது. முப்பத்துநாலு வயது. ஒரு நாள்கூடத் தூங்கினவள் மாதிரி இருக்கமாட்டாள்.

சமையலறை மேஜையில் ஒரு படத்தை விரித்தாள். வரிசை வரிசையாகக் கோடுகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு நாள் மூத்திரத்தில் இருந்த புரதங்கள். எல்லா வரிசையும் ஒரே மாதிரி, ஆனால் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நாளுக்கு மட்டும், கீழ்ப்பக்கம் ஒரு தடித்த கோடு வந்து மறைகிறது.

"இது மேபலோடது, லோர்னா. அவ சேரத் தயாரா இருக்கிற நாள் இதுன்னு நினைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது, ஆனா மூணு வருஷமும் தவறாம வருது."

"இந்தப் புரதம் என்ன பண்ணும்?"

"சின்ன டப்பா மாதிரி. வாசனையை உள்ள பிடிச்சு வெச்சுக்கிட்டு மெதுவா விடும். வெறும் வாசனைன்னா அரை மணி நேரத்துல காத்தோட போயிடும். டப்பா இருந்தா அவ பெஞ்சுட்டு உள்ள போய்த் தூங்கலாம், அடுத்த நாள் ராத்திரி வர்றவனுக்கும் சேதி அங்கேயே இருக்கும். எலிங்ககிட்ட இது தெரிஞ்ச விஷயம். பையுள்ள பிராணிங்ககிட்ட இப்பத்தான் தேடறோம்."

"அப்ப அவ சேதி சொல்றா."

"சொல்றான்னுதான் தோணுது."

"பின்ன கிளாரி ஏன் கிட்டயே வரலை?"

இமோஜென் தேநீரைக் குடித்தாள். அறிக்கையில் இருந்த அந்த வரி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதை எழுதியது அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் மறுத்தும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 7

சொல்கிறாள். ஆனால் தப்பாகச் சொல்கிறாளோ? என் சோப்பு வாசனையோடு, என் கம்பளிச் சட்டை வாசனையோடு வளர்ந்தவள். கிளாரிக்கு அவள் வாம்பட்டாகவே தெரியவில்லையோ?

எட்டு மாதம் என் சட்டைக்குள் கிடந்தாள். வேறென்ன செய்திருக்க முடியும்? குல்லாயிலேயே விட்டிருக்க வேண்டுமா?

ஆகஸ்ட் 19

இமோஜென் தொலைபேசியில்: கோடு வந்துவிட்டது, பதினெட்டாம் தேதி மாதிரியில். இரண்டு அடைப்புக்கும் நடுவில் இருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. அடைப்பில் இரவெல்லாம் ஓடும் காமிராவைக் காலையில் போட்டுப் பார்த்தேன். கிளாரி கதவு வரை வந்தான், மூக்கைத் தூக்கினான், தன் பக்கம் திரும்பிப்போய்ப் புல் தின்றான்.

முந்தின இரவும் அப்படியே.

ஆகஸ்ட் 22

கோடு போய்விட்டது. 20 மில்லி. கழுவியது: ஆம்.

செப்டம்பர் 3

முதுகு போய்விட்டது. குளோரின் தண்ணீர் வாளியைத் தூக்கினேன், அவ்வளவுதான், நிமிர முடியவில்லை. மெர்வ் என்னைச் சாக்குமூட்டை போல வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கூடத்துத் தரையில் படுக்க வைத்திருக்கிறார். படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது.

நான்கு நாள் அசையக் கூடாதாம். அடைப்பை மெர்விடம் ஒப்படைத்தேன். வைக்கோல், தண்ணீர், காரட். அதன்பின் இரண்டு வளைவாயிலும், கதவடியிலும், நடுவில் கிடக்கும் தைல மரக் கட்டையிலும் சாணியை வாரி, குளோரின் தெளித்து, பத்து நிமிஷம் ஊறவைத்து, தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, தாளில் குறியிட வேண்டும்.

"தினமுமா?" என்றார்.

"தினமும்."

"நம்ம வீட்டுத் தரையைக்கூட நீ இப்படிக் கழுவினதில்ல."

வீட்டுத் தரையில் யாரும் பால் இறக்குவதில்லை. பதினெட்டு வருஷம் பால் தொழிற்சாலையில் தொட்டிகளைக் கழுவிச் சோதித்தவள் நான். கண்ணுக்குச் சுத்தமாக இருந்தால் போதாது. பச்சைக் குச்சியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துளி புரதம் மிச்சமிருந்தாலும் குச்சி ஊதாவாகும். என் தொட்டியில் ஒரு நாளும் ஊதா வந்ததில்லை. தொழிற்சாலையை மூடியபோது ஒரு பெட்டிக் குச்சி என்னோடு வந்தது. அடைப்பிலும் வாரம் ஒருமுறை துடைத்துப் பார்ப்பேன். எப்போதும் பச்சை.

செப்டம்பர் 5

வலி. மெர்வ் ஃப்ரிட்ஸ் தொத்திறைச்சி வைத்த ரொட்டியை நீட்டிவிட்டுப் போகிறார். "கழுவினீங்களா?" "ஆச்சு, ஆச்சு."

இரண்டு தடவை "ஆச்சு" சொன்னால் மெர்வ் செய்யவில்லை என்று அர்த்தம். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், தெரியாதா. ஆனால் கேட்கத் தெம்பு இல்லை.

செப்டம்பர் 8

எழுந்து நடந்தேன். நேராக அடைப்புக்கு.

தாளில் ஐந்து நாளும் அழகாகக் குறி. கட்டையைத் துடைத்தேன் — குச்சி ஊதா. கதவடி — ஊதா. வளைவாய் — கன்னங்கரிய ஊதா. கட்டைமேல் சாணி அடுக்கி வைத்தது மாதிரி இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன்.

"பொய்க் குறி போட்டியா? என் தாள்ல? என் பேர் இருக்கிற தாள்ல? அதுங்களுக்கு நோய் வந்தா யார்யா பொறுப்பு?"

மெர்வ் தலையைச் சொறிந்தார். "அந்த மருந்து வாசம் எனக்கு மூச்சு முட்டுது லோர்னா. அதுங்களுக்கும் முட்டும்னு தோணுச்சு. தவிர, அங்க சுவத்துல மாட்டியிருக்கிற காகிதத்தைப் படிச்சேன். வாரம் ஒரு தடவைன்னுதான் போட்டிருக்கு. நோய் வந்தாத்தான் தினமும்."

அப்படித்தான் போட்டிருக்கிறது. எனக்குத் தெரியும். முதல் வாரமே படித்தேன். வாரம் ஒரு தடவை என்பது எனக்குக் கேவலமாக இருந்தது. நான் அப்படி வேலை செய்கிறவள் இல்லை.

பேசாமல் படுத்துக்கொண்டேன். நாளைக் காலை நானே கழுவிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 9

கழுவவில்லை.

வாளியைத் தூக்கும் முன் காமிராவைப் போட்டேன், ஐந்து இரவும் சேர்த்து. மூன்றாம் இரவு. மேபல் கட்டைமேல் ஏறிப் பெய்துவிட்டுப் போகிறாள். நாற்பது நிமிஷம் கழித்துக் கிளாரி. கதவைத் தாண்டுகிறான். மூன்று பருவத்தில் ஒரு தடவையும் தாண்டாத கதவு. கட்டையை முகர்கிறான், மேல் உதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி அப்படியே நிற்கிறான். எண்ணினேன், பதினொரு நிமிஷம். நான்காம் இரவு வந்ததும் நேராகக் கட்டைக்குத்தான் போனான். நேற்றைய சேதியைத் தேடி வந்தவன்போல.

வாளி பக்கத்திலேயே இருந்தது. குளோரின் வாசம் வந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட்டில் இமோஜென் என் மேஜையில் உட்கார்ந்து அத்தனை தெளிவாகச் சொன்னாள், வாசனையைப் பிடித்து வைப்பது புரதம் என்று. புரதத்தைத் துளி மிச்சமில்லாமல் அழிப்பதுதான் என் தொழில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ச்சே. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கிளாரி ஏன் வரவில்லை என்று அவளையே கேட்டேன்.

மேபல் ஊமை இல்லை. தவறாமல், தப்பில்லாமல், மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் நான் போய் அழித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறதா என்று குச்சி வைத்துப் பார்த்து, பெருமையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

வளர்த்த கை ஒன்றும் செய்யவில்லை. கழுவின கைதான் செய்தது. எதற்கு அழுவது என்றே தெரியவில்லை, இரண்டும் என் கை.

செப்டம்பர் 10

இமோஜெனுக்குத் தொலைபேசி. பொய்க் குறியைச் சொன்னேன், அதன்பின் மற்றதைச் சொன்னேன். மறைத்துவிடலாமா என்று ராத்திரி யோசிக்காமல் இல்லை. இருக்கிற வேலையும் போய்விட்டால்? ஆனால் மேபல் பண்ணைக்குப் போய்விடுவாள்.

எல்லாம் சொல்லி முடித்தேன்.

"கேக்கறியாம்மா?"

"கேக்கறேன். உங்க தாள் இங்கதான் இருக்கு. 'கழுவியது: ஆம்.' ஆயிரம் தடவை பார்த்திருக்கேன், லோர்னா. நல்லாப் பார்த்துக்கறாங்கன்னு நினைச்சேன். படிச்ச படிப்பெல்லாம் வெச்சுக்கிட்டு, எதால கழுவறீங்கன்னு ஒரு தடவை கேக்கத் தோணலையே எனக்கு."

பிறகு, "இனிமே கட்டையையும் கதவடியையும் தொடாதீங்க. மத்தது வாரம் ஒரு தடவை, வெறும் தண்ணியில. பார்க்கலாம்" என்றாள். அவளுக்கும் இது போனால் வேறு வேலை இல்லை, எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 14

நாறுகிறது. கழுவாத அடைப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கழுவுவதைவிட அலுப்பாக இருக்கிறது. கை அரிக்கிறது, குழாயைத் தேடுகிறது.

செப்டம்பர் 18

கிளாரி தினமும் வருகிறான். முகர்கிறான். போகிறான். ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 23

17 மில்லி. காத்திருக்கிறேன். மெர்வ் கேட்கிறார், "மாப்பிள்ளை என்ன சொல்றான்?" மாப்பிள்ளை புல் தின்கிறான்.

இதுவும் இல்லை என்று ஆகிவிட்டால் அந்த அறிக்கை எழுதியவர் சொன்னது சரி. அதைத் தாங்கிக்கொள்ள நான் தயாராக வேண்டும். தயாராக முடியவில்லை.

செப்டம்பர் 25

காமிரா. அதிகாலை நேரம் போட்டிருந்தது. கிளாரி கட்டையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. மேபல் ஓடுகிறாள், வட்டமாக, நல்ல வேகம். அவன் பின்னால். அவள் திரும்பி அவனைக் கடிக்கிறாள், மயிர் பறக்கிறது. மறுபடி வட்டம். பிறகு நின்றாள்.

அதற்குமேல் பார்க்கவில்லை. அணைத்துவிட்டேன். அவளை நான் வளர்த்திருக்கிறேன், சில விஷயங்களைப் பார்க்கக் கூடாது. முழுவதையும் இமோஜெனுக்கு அனுப்பினேன்.

காலையில் அவள் கரண்டிக்கு வந்தபோது தோளில் கீறல். 24 மில்லி. இன்றைய மாதிரியில் கோடு தடிப்பாக இருந்ததாம், இமோஜென் சாயங்காலம் சொன்னாள்.

அக்டோபர் 4

கெல்வின் ஒரு வண்டி வைக்கோல் கொண்டுவந்து இறக்கினான். "குழிப்பன்னிக்குக் கல்யாணமாமே, மெர்வ் கடையில சொன்னான். சீர்னு வெச்சுக்கோ."

"பிறக்கிற குட்டி உன் வயலைத்தான் தோண்டும்."

"தோண்டட்டும். அப்ப பாத்துக்கறேன்."

அக்டோபர் 18

மூன்று வாரக் கர்ப்பம், அந்தக் கணக்குப்படி பிறந்திருந்தால் இரண்டு நாள் ஆகிறது. ஒரு அவரைக்கொட்டை அளவுதான் இருக்கும். பை பின்னால் திறப்பு, பார்க்கவும் முடியாது. தடவிப் பார்க்க மனம் வரவில்லை.

நவம்பர் 11

வெயில் தொடங்கிவிட்டது. ஈ. நாற்றம். மேபல் 15 மில்லி, கொடுத்தாள், ஆனால் கொடுத்துக்கொண்டே திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 30

அறக்கட்டளை: ஒன்பது வாரமாகியும் கோடு திரும்ப வரவில்லை, பையில் குட்டி இருக்க வேண்டும் என்று இமோஜென் எழுதியதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அடைப்பு இன்னும் ஒரு வருஷம். பண்ணைப் பேச்சு இல்லை. அறிக்கையில் இருந்த அந்த வரிக்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

மெர்வ் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி வாங்கிவந்தார், தக்காளி சாஸ் ஊற்றிச் சாப்பிட்டோம். ஒன்பது மணிக்கு முன்பே தூங்கிவிட்டேன்.

டிசம்பர் 16

காலை 5.50. கரண்டியோடு போனேன். மேபல் வளைவாயில் நின்றிருந்தாள். வயிற்றடியில் பை கனத்துத் தொங்குகிறது, இனி சந்தேகமே இல்லை. மண்டியிட்டேன். முதுகைக் காட்டவில்லை. கையை நீட்டினேன், முகர்ந்தாள். நிதானமாக, உள்ளங்கை, மணிக்கட்டு, சட்டைக் கை. யாரோ ஒருத்தியின் கை என்பது போல. பிறகு ஒரு உறுமல். என்னைப் பார்த்து இதுவரை உறுமியதில்லை.

உள்ளே போய்த் திரும்பி, தன் பின்பக்கத்தால் வளைவாயை அடைத்துக்கொண்டாள். நரி வந்தால் வாம்பட் செய்வது அது. அந்த வாலடியைத்தான் ஆறு வருஷமாகத் தடவிக்கொண்டிருந்தேன். தொடவில்லை.

வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். கட்டைமேல் புதிதாக ஈரம் இருந்தது, வெயில் ஏற ஏற வாசம் எழுந்தது. அதில் எனக்கு ஒரு சேதியும் இல்லை.

தாளை நிரப்பினேன்.

மாதிரி: இல்லை. கழுவியது: இல்லை.